படத்துக்கு முன்னால் நின்றவள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். நடந்தால் சத்தமே வராது. பின்னால் வந்து நின்று, "அக்கா, இந்தக் கூடையை எடுத்துக்கவா?" என்று கேட்கும்போதுதான் ஆள் இருப்பதே தெரியும். புருஷன் செத்துவிட்டான், ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள். அவளைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதில் மகள் மட்டும்தான் நிஜம்.

புருஷன் சாகவில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் தவழ்கிற வயதில், கொதிக்கிற வெந்நீரைப் பூனையின் தோளில் ஊற்றிவிட்டு, "நீ எங்க போனாலும் மோப்பம் புடிச்சு வந்துருவேன்" என்றான். அவள் வேறு ஊருக்குப் போய் ஒளிந்திருந்தபோது, சொன்னபடி ஒருமுறை வரவும் செய்தான். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி, பஸ் மாறிப் பஸ் மாறி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு யார் கேமராவைத் தூக்கினாலும் அவள் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும்.

அன்றைக்கு மாலை கலை மியூசியத்தில் ஊர்மக்கள் எல்லோருக்கும் இலவச அனுமதி. இஸ்திரி மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் விடவில்லை. வாய் ஓயாததால் ரேடியோ என்று பேர் வாங்கியவள்.

"டிக்கெட் கிடையாது, ஏசி உண்டு, டீயும் குடுக்கறாங்களாம். சொர்க்கத்துல கூட இவ்வளவு கிடைக்காதுடி, கிளம்பு."

உள்ளே திருவிழாக் கூட்டம். ரேடியோவும் கூட வந்த சலவைக்கூடத்துப் பெண்களும் டீ மேசையில் தங்கிவிட, அவள் மட்டும் மாடிக்குப் போனாள். அங்கே புகைப்படங்கள். மீன் வெட்டும் கைகள், பாலம் கட்டுகிறவர்கள், ரொட்டி அடுப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

ஆள் உயரப் படம். நீராவி, வெள்ளைப் போர்வைகள், நடுவே அவள் முகம். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். மேலங்கியில் ஆஸ்பத்திரியின் பேர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரித் தெளிவாக இருந்தது. போன வருஷம் சலவைக்கூடத்துக்குப் புகைப்படக்காரர் வந்தபோது அவள் போர்வைக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தாள். எப்போது எட்டிப் பார்த்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

ஒருவன் செல்போனை உயர்த்தினான். அவள் யோசிக்கவில்லை. ஓடிப்போய்ப் படத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, தள்ளி நில்லுங்க. படத்து மேல சாயக் கூடாது" என்றார் காவலாளி.

அவளால் நகர முடியவில்லை. கூட்டத்தில் ஒரு தடித்த கழுத்து தெரிந்தது, அதில் அவனுடையதைப் போலவே மடிப்பு. அந்த ஆள் திரும்பினார். யாரோ ஒருவர், கையில் குழந்தை.

அதற்குள் ரேடியோ மாடியேறி வந்துவிட்டாள். "அடியே, இது நீதானே! மகாராணி கணக்கா இருக்கியே! ஏய், எல்லாரும் இங்க வாங்க!"

"கத்தாதக்கா" என்றாள் அவள். உதடு கோணிக்கொண்டு வந்தது. "அவரு சாகலக்கா. இதப் பாத்தா தேடி வந்து கொன்னுருவாரு."

ரேடியோ வாயடைத்து நின்றதை மற்றவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அவள் பூனைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மற்ற பெண்களும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். படம் முழுதும் மறைந்தது.

காவலாளி மேலதிகாரியைக் கூட்டி வந்தார். சின்ன வயசுப் பெண். "படம் எடுத்தவர்கிட்ட கேக்காம நான் கழட்ட முடியாதுங்க" என்று இழுத்தாள்.

"எடுக்கும்போது இவளக் கேட்டாங்களா?" என்றாள் ரேடியோ. "இவ உயிர் போனா யாரக் கேப்பீங்க?"

அதிகாரி தோளோடு தோள் ஒட்டி நின்ற பெண்களைப் பார்த்தாள். பிறகு இரண்டு காவலாளிகளை அழைத்துப் படத்தை இறக்கச் சொன்னாள். சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் மிஞ்சின.

ஆனால் படம் மாட்டி ஒரு வாரமாகியிருந்தது. எத்தனை செல்போன்களுக்குள் அவள் முகம் போயிருக்குமோ! மறுநாளிலிருந்து கதவுத் தாழ்ப்பாளை எழுந்து எழுந்து பார்த்தாள். பயந்தது நடந்தது. சலவைக்கூடத்துக்கு ஒரு போன் வந்தது. எடுத்தது ரேடியோ. அங்கே யாருமே கூப்பிடாத அவள் நிஜப்பேரைச் சொல்லி ஒரு ஆண்குரல் கேட்டது.

"அப்படி யாரும் இங்க இல்ல" என்று வைத்துவிட்டுத் திரும்பினாள் ரேடியோ. "உன்னத்தான்டி கேட்டான்" என்றாள்.

பூனை வீட்டுக்கு ஓடிப் பெட்டியை இழுத்தாள். மகள் கட்டிலை விட்டு எழவில்லை.

"நான் வரலம்மா. எனக்குப் பரீட்சை இருக்கு. ஓடறதுன்னா நீ மட்டும் ஓடு."

"அவன் வந்தான்னா உன்னையும் கொன்னுருவான்டி."

"வரட்டும். இந்தத் தடவ நம்ம கூட ஆள் இருக்குல்ல."

வாசலில் ரேடியோ நின்றிருந்தாள், வேலை உடையோடு. பின்னால் மற்றவர்களும். எல்லோரும் சேர்ந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எழுத்தரிடம் பூனை எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னாள். கடைசியில் ரவிக்கைத் தோளை இறக்கி, வெந்த தழும்பைப் பெண் இன்ஸ்பெக்டருக்குக் காட்டினாள். யாருக்கும் அதுவரை காட்டாதது. இன்ஸ்பெக்டர் சலவைக்கூடத்துக்கு அழைப்பு வந்த எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கே போன் போட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. மறுபடி அழைப்பு வரவில்லை. அவனும் வரவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. தெருவில் லாரி பிரேக் பிடித்தால் இன்றைக்கும் அவள் சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். ஆனால் இப்போது தனியாக வீட்டுக்கு நடப்பதில்லை. ஆள் மாற்றி ஆள் கூட வருகிறார்கள். ரேடியோ வரும் நாட்களில் அவள் பேச்சை நிறுத்துவதே இல்லை, தெருமுனை தாண்டி, படியேறி, மகள் கதவைத் திறக்கும் வரை.