மாடத்தியின் பகல் விளக்கு

ஊரில் எல்லாரும் பொழுது சாய்ந்தபிறகு விளக்குப் போடுவார்கள். எங்கள் வளவில் மாடத்தி மட்டும் மத்தியானத்தில் போட்டாள். "பட்டப்பகல்ல விளக்கு வச்சு எதத் தேடுதா?" என்று கேலி பேசினார்கள். பேசின வாய்கள் எவை எவையென்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

எண்பத்தொன்றாம் வருஷம். சங்கரன்கோவிலில் ஒரே முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகளாக இருந்த வளவு அது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பக்கத்து வீட்டில் செல்லச்சாமியும் அவன் பெண்டாட்டி மாடத்தியும் இருந்தார்கள். ஒற்றை அறை, ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலிலும் கும்மிருட்டு. செல்லச்சாமிக்கு விசைத்தறியில் ராத்திரி ஷிப்டு. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பான். தூக்கக் கலக்கத்தோடு தறியில் நின்றால் விரல் போய்விடும், விளையாட்டா?

மாடத்தி ஒன்பதாவதோடு நின்றவள். பத்தாவதைப் பிரைவேட்டாக எழுத ஆசைப்பட்டாள். அவள் மாமியார் பேச்சித்தாய் பனவடலிசத்திரத்திலிருந்து வந்து ஒரே போடாகப் போட்டாள். "ஒரே ஒரு தடவ எழுதட்டும். பெயிலாயிட்டா ரெண்டு பேரும் ஊருக்கு வந்து ஆடு மேய்ங்க."

மாடத்தி சரியென்று தலையாட்டிவிட்டாள். காலையில் சமையல், சாயங்காலம் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. படிக்க மத்தியானம்தான் ஒழிந்தது. முற்றத்தில் உட்கார்ந்தால் வளவே வந்து கூட உட்காரும். என் வீட்டுக்கு வரச் சொன்னேன், வந்தாள். என் வாய் சும்மா இருக்குமா? இரண்டே நாளில் ஓடிவிட்டாள். அறைக்குள் குண்டு பல்பைப் போட்டாலோ புருஷன் முகத்தில் பளீரென்று அடிக்கும். பாவம், புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு தவித்தாள்.

நான்தான் செல்லச்சாமியிடம் சொன்னேன். "ஏ தம்பி, நீயே ஒரு டேபிள் லைட்டு செய்யேன். அடியில கனமா ஒரு இரும்பு, அதுல ஒரு தண்டு, மேல ஹோல்டரு. அவ்வளவுதான். ஷேடு போட்டுட்டேன்னா உனக்குக் கண்ணு கூசாது."

"என்ன ஷேடுக்கா போடலாம்?"

"உனக்குப் பிடிச்சதப் போடு. கொஞ்சம் அடர்த்தியா இருக்கட்டும்."

செய்தான். அடிக்குத் தறியில் கழித்துப் போட்ட பல்சக்கரம். தண்டுக்குப் பழைய சைக்கிள் பம்பின் குழாய், அதற்குள்ளே வயர். ஸ்விட்சு வயரிலேயே தொங்கியது. கை வேலையில் அவனை ஒன்றும் குறை சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து உறைமோர் வாங்கப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மாடத்தி புத்தகத்தில் மூக்கு உரச உட்கார்ந்திருக்கிறாள். முகம் பச்சை, கை பச்சை, புத்தகமும் பச்சை.

"ஏட்டி, என்ன இது? பாசி பிடிச்ச மாதிரி உக்காந்திருக்க?"

"அக்கா, மெல்லப் பேசுங்க. அவுக ஆசையாச் செஞ்சது."

"எழுத்துத் தெரியுதா உனக்கு?"

"பெரிய எழுத்து தெரியுதுக்கா."

எனக்கு வந்ததே கோபம்! தூங்குகிறவனை உலுக்கி எழுப்பினேன். "ஏலே, அவ கண்ணு அவிஞ்சு போகவா லைட்டு செஞ்சே?"

அவன் திருதிருவென்று விழித்தான். "நீங்கதானக்கா அடர்த்தியா ஷேடு போடச் சொன்னிய? அதான் ராமர் பச்ச போட்டேன்."

நான் சொன்னது விளக்குக்கு மேல் போடுகிற மூடியை; தறிக்காரர்களுக்கோ ஷேடு என்றால் நூலின் நிறம். மனுஷன் பல்புக்கே பச்சைப் பெயிண்டு அடித்து வைத்திருக்கிறான்! விலா நோகச் சிரித்தேன். மாடத்தி உடனே சிரிக்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்த பிறகுதான் அவளும் சிரித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் தகரக்கடைக்குப் போனான். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பெரிய புனல் ஒன்றை வாங்கி, மூக்கை வெட்டிவிட்டு, ஹோல்டரின் மேல் கவிழ்த்து மாட்டினான். உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டு. சூடு வெளியேற மேலே ஆணியால் ஓட்டைகள். புதுப் பல்பைப் போட்டதும் வெளிச்சம் புத்தகத்தின் மேல் வட்டமாக விழுந்தது. அவன் படுக்கிற இடம் இருட்டாகவே இருந்தது.

அந்தக் காட்சியைப் பார்க்க வேலை இல்லாமலே எட்டிப் பார்ப்பேன். இருட்டுக்குள் அவன் குறட்டை விடுவான், வெளிச்சத்தில் அவள் உதடு மட்டும் அசையப் பாடம் படிப்பாள். அடடா, அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துபோகிறது.

பரீட்சை எழுதினாள். முடிவு பேப்பரில் வந்த அன்று நானும் அவளும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அவள் நம்பர் இருந்தது! நான் நடுரோட்டில் நின்று, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, காதோடு காதாகச் சொன்னாள்.

"இப்பச் சொல்ல வேண்டாம்க்கா. ராத்திரி ஷிப்டு இருக்கு, தூங்கட்டும்."

"சொல்லாம உன்னால இருக்க முடியுமாட்டி?"

"நாலு மணி வரைக்கும்தானக்கா."

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நானும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ஜென்மத்தில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நாலு மணிக்கு உள்ளே போனாள். "ஏங்க, எந்திரிங்க. நான் பாஸாயிட்டேன்."

செல்லச்சாமி சடாரென்று எழுந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"எப்பம் தெரிஞ்சது?"

"காலையிலயே. நீங்க தூங்குதியளேன்னுதான் எழுப்பல."

"நான் எங்கட்டி தூங்கினேன்?" என்றான். "நீ வந்து வாசல்ல உக்காந்தது தெரியும். உள்ள வரலன்னதும் பெயிலுன்னே நெனச்சுட்டேன். உன் முகத்தப் பாக்கத் தைரியம் இல்லாம கண்ண மூடிக் கிடந்தேன்."