ரோபோவுக்குப் பூ கேட்டேன்

இதை எழுதினால் சிரிப்பார்களோ என்று மூன்று வருடம் தயங்கினேன். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள் நான். என் மகள் டிவியில் ஒரு விண்வெளித் தொடரை விடாமல் பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் வரும் ரோபோ குழந்தைகளைக் காப்பாற்றப் போய் எரிந்துபோனது. அவள் சோறு வேண்டாம் என்று அழுதாள்.

“இரும்புக்குப் போயி ஆராச்சும் அழுவாங்களா?” என்று சிரித்தேன்.

“நீங்க கல்லுக்கு முன்னால நின்னு அழுவறீங்களே, நா சிரிச்சனுங்களா?” என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

அவள் கேட்டது நியாயம்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குப் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, அம்மன் முன் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் நடக்கும்.

“கல்யாணத்துக்குங்களா அம்மிணி?” என்றார் பூசாரி.

“இல்லீங்க சாமி. டிவில ஒரு ரோபோ செத்துப்போச்சு. திரும்பி வருமான்னு கேக்கோணுங்க.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிப் பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை!

வீட்டுக்கு வந்து மகளின் கையில் அந்தப் பூவை வைத்தேன். “ரோபோவுக்காங்க கேட்டீங்க?” என்று கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அது கண் திறந்து எழுந்தபோது ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் எங்கள் லைன் வீடுகள் முழுவதும் விசில் பறந்தது. பக்கத்து பீகார் குடும்பம் இந்தியில் கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நான்தான்.

தொடரின் கதையை முன்பே எழுதி வைத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். என்றாலும், பேசாமல் போன என் மகளைத் திருப்பிக் கொடுத்தது அம்மன்தான். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் அப்படியே சொல்லுங்கள். யாரோ மனுஷருக்கு என்று மாற்ற வேண்டாம். ரோபோவுக்குத்தான் பூ கேட்டேன்.