கணுக்காலுக்கு மேல் ஒரு கோடு

எங்கே வலிக்கிறது, எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று குறித்து வைப்பது என் வேலை. ஒரு மருத்துவமனையின் நரம்புப் பரிசோதனை அறையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கட்டைவிரல், முன்கை, தோள், முட்டி, பாதம் என்று ஒவ்வொரு இடமாகக் கருவியை வைத்து அழுத்துவேன். "வலிக்குது" என்ற நொடியில் கையை எடுத்துவிட்டு, மனித உடலின் கோட்டுப்படத்தில் அந்த இடத்தில் எண்ணை எழுதுவேன். வருகிறவர்களை நாலு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு வீரம் காட்டுகிறவர்கள். தொடுவதற்கு முன்பே கத்துகிறவர்கள். முன்னால் வந்துபோனவருக்கு எவ்வளவு வந்தது என்று கேட்கிறவர்கள். நாலாவது, பல வருடச் சர்க்கரை நோயோடு வருகிறவர்கள். ஊசி குத்தி வலித்தால் அவர்களுக்கு அது நல்ல செய்தி; நரம்பு இன்னும் மரத்துப்போகவில்லை.

என் அப்பாவை, நைனாவை, அந்த நாலாவது வகையில் வைத்துப் பார்க்க எனக்கு நாளாயிற்று.

அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். கேபினில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவார். சாமி படம் இருக்கிற இடம் என்பது ஒரு காரணம். வெறுங்காலில் மிதித்தால்தான் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும் என்பது இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு டி.வி. பார்க்கும்போது, வலது குதிகாலில் பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து வெந்து கிடந்ததைக் கண்டேன். இன்ஜின் சூட்டில் கொதிக்கும் கேபின் தரையில் அந்தக் குதிகால் நாளெல்லாம் ஊன்றி இருந்திருக்கிறது.

"எப்போ ஆச்சு நைனா?"

"எது?" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். லோடு கீது என்றார். சனிக்கிழமை வருகிறேன் என்றார். சனிக்கிழமை காலையில் எண்ணூர் சாலையில் வரிசையில் மாட்டிக்கொண்டதாகப் போன் செய்தார். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக் கேரியரையும் என் பையையும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

வண்டியைக் கண்டுபிடித்து ஏறினேன். கண்ணாடி வழியே தெரிந்ததெல்லாம் முன்வண்டியின் கன்டெய்னர் கதவுதான். இடப்பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல். வலப்பக்கம் இன்னொரு வரிசை, அதற்கப்பால் நடுத்தடுப்பு. பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை டிரெய்லர்கள். இந்த வரிசைக்குள் நுழைந்த வண்டி துறைமுக கேட்டைத் தொடாமல் திரும்ப முடியாது.

நைனா சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு, காலை என் மடியில் வைக்கச் சொன்னேன்.

"பொண்ணு மடில காலு வைக்கறதா? இன்னா பேச்சு இது?"

"தெனமும் ஊர்ல கீறவங்க கால எல்லாம் புடிக்கிறேன். உன் காலு மட்டும் இன்னா ஒசத்தியா?"

சிரித்துக்கொண்டே நீட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினேன். பையிலிருந்து ஊசியையும் தோலில் எழுதும் பேனாவையும் எடுத்ததைப் பக்கத்து வரிசை டிரைவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்.

"இன்னா மாமு, காலுக்கு மெகந்தியா? கல்யாணம் உனுக்கா, பொண்ணுக்கா?"

"போடா டேய். எம் பொண்ணு டாக்டரு. ஓசில பாக்குது."

"டாக்டர் இல்ல நைனா, டெக்னீஷியன்."

"அவனுக்கு இன்னா தெரியப் போவுது, சும்மா இரு."

குத்தினால் 'குத்துது' என்று சொல்ல வேண்டும், எந்த இடம் என்றும் சொல்ல வேண்டும் என்றேன். கட்டைவிரலில் வைத்து, "இப்போ?" என்றேன். "குத்துது." பாதத்தின் நடுவில். "குத்துது." குதிகாலில். "குத்துது, குத்துது." கேட்ட உடனே பதில் வந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஊசிக்கும் பதிலுக்கும் நடுவே எல்லோருக்கும் வரும் சின்ன முகச்சுளிப்பு அவரிடம் வரவில்லை.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. நடுநடுவே ஊசியைத் தோலில் வைக்காமல் காற்றிலேயே பிடித்துக்கொண்டு கேட்போம். ஊகத்தில் பதில் சொல்கிறவர்கள் அதில் தெரிந்துவிடுவார்கள். நைனாவிடம் அதைச் செய்யக் கூடாது என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். கையை உயர்த்திப் பிடித்தேன்.

"இப்போ?"

"குத்துது."

"எங்க?"

"கட்டவெரல்ல."

இன்னும் உயர்த்தினேன். "இப்போ?"

"இப்ப ஜாஸ்தியா கீது. மெதுவாக் குத்தும்மா."

அதன்பின் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். விரலிலிருந்து மேலே மேலே, பேசாமல் குத்திக்கொண்டு போனேன். கணுக்காலைத் தாண்டி ஒரு சாண் ஏறியபோது வலது கால் தானாக வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அங்கே ஒரு புள்ளி வைத்தேன். காலைச் சுற்றிலும் அப்படியே புள்ளிகள் வைத்துக் கோட்டால் சேர்த்தேன். இடது காலில் கோடு கணுக்காலுக்குச் சற்று மேலே விழுந்தது.

துண்டை அவிழ்த்துப் பார்த்தார். "சாக்ஸ் போட்ட மாதிரி கீது."

"அந்தக் கோட்டுக்குக் கீழ உனக்கு ஒண்ணும் தெரியல நைனா."

"அதான் குத்துது குத்துதுன்னு சொன்னேனே."

"கடைசியா கேட்ட ரெண்டு தபாவும் நான் குத்தவே இல்ல."

அவர் காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கேரியரின் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திறந்து அடுக்கினார்.

"அப்ப பிரேக்க எப்டி மிதிக்கிற?"

"பாத்துத்தான். குனிஞ்சு ஒரு தபா பாத்துக்குவேன். கொஞ்ச நாளா அப்டித்தான்."

"நீ குனியற நேரத்துல ஒருத்தன் குறுக்க வந்தா?"

எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகளுக்கு இடையே மீன் கூடை கட்டிய ஸ்கூட்டர் ஒன்று நுழைந்து மறுபக்கம் போனது. அதைத் தொடர்ந்து டியூஷன் பையோடு இரண்டு பெண் பிள்ளைகள் கடந்தார்கள். நாங்கள் இருவரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நைனா போனை எடுத்து வண்டி முதலாளியைக் கூப்பிட்டார். "அண்ணே, காலு சரியில்ல. வேற ஆள அனுப்பு."

"வரிசைல நின்னுகினு சொல்றியேப்பா!" முதலாளியின் குரல் எனக்கும் கேட்டது. "கேட்டுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்காண்ட ஆள் நிப்பான். அது வரிக்கும் நவுத்திகினு வா. நாளைக்கி வந்துடுவ இல்ல?"

நைனா ஸ்டியரிங்கைப் பார்த்தார். "இல்லண்ணே. நாளைக்கும்தான்."

முதலாளி வேறேதோ கேட்டார். நைனா போனை வைத்துவிட்டார்.

நான் விரும்பியது கிடைத்துவிட்டது. ஆனால் இறங்க முடியாது. அவர் ஓட்டுவதை நிறுத்த வேண்டுமென்றாலும் பெட்ரோல் பங்க் வரைக்கும் அவர்தான் ஓட்டியாக வேண்டும். முன்வண்டி நகர்ந்து இடைவெளி விட்டது. பின்னால் ஒரு ஹாரன், அதற்குப் பின்னால் பல. சாவியைத் திருப்பினார். பழக்கத்தில் தலை குனிந்தது.

"நைனா, நீ ரோட்டப் பாரு. கால நான் பாத்துக்கறேன்."

இருக்கையிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டேன். சுடிதார் துணியைத் தாண்டி முட்டியில் சுட்டது. ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, பையை இழுத்து அடியில் போட்டுக்கொண்டேன். அவருடைய வெந்த குதிகால் அதே தரையில் அமைதியாக ஊன்றி இருந்தது.

"ஆக்சிலேட்டர்ல கீது," என்றேன். வண்டி ஊர்ந்தது. "எடுத்துட்ட. இன்னும் இடது பக்கம். இன்னும் கொஞ்சம்."

"இன்னா மாமு, பொண்ணு கீழ இன்னாத்தத் தேடுது?" என்று பக்கத்து வரிசையிலிருந்து குரல் வந்தது. நைனா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கண்ணு, எங்க கீது?"

"பிரேக் மேல."

மிதித்தார். வண்டி நின்றது. தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியே பார்த்தேன். பெட்ரோல் பங்க் இன்னும் தெரியவில்லை.