மெஷினுக்குத் தெரிந்த ஒரே நெஞ்சு

அன்று தரமணி அறையில் இருந்தவர்கள்: மெஷினைச் செய்த இன்ஜினியர் அம்மா. கம்ப்யூட்டர் ஆட்கள் இரண்டு பேர். சோதிக்க வந்த இதய டாக்டரம்மா. சட்டையைக் கழற்றிப் படுத்திருந்த நான். நான்தான் அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேன்.

நெஞ்சு துடிக்கத் துடிக்க, அதை உருண்டையாக எல்லாப் பக்கமும் டிவியில் காட்டுகிற ஸ்கேன் மெஷின் அது. செய்யும்போது தினம் வைத்துப் பார்க்க ஒரு நெஞ்சு வேண்டும். மற்றவர்களுக்குக் கை நிறைய வேலை. நான் ஒல்லி, விலா இடுக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டு வருஷம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். வெயிலில் கேட்டில் நிற்பதற்கு இது பரவாயில்லை.

டாக்டரம்மா சரி என்று சொல்லாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள். இன்ஜினியர் அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

என் நெஞ்சு நன்றாக வந்தது. வால்வு திறந்து மூடியது. கேட்டில் நான் பார்க்கிற அதே வேலை.

"எனக்கும் போடுங்க" என்று டாக்டரம்மா கட்டிலில் ஏறினார். ஆண்கள் திரைக்கு இப்பால் வந்தோம். டிவியில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் கூழ். கம்ப்யூட்டர் ஆட்களையும் படுக்க வைத்தார்கள். கூழ்தான்.

"இத யார் யார் மேல வெச்சுப் பாத்தீங்க?"

"அண்ணன் மேல" என்று என்னைக் காட்டினார் இன்ஜினியர் அம்மா.

"அப்புறம்?"

"அண்ணன் மேலதான்."

எனக்கே திருத்தித் திருத்தி, மெஷினுக்கு வேறு நெஞ்சு தெரியாமல் போயிருந்தது.

"ஒரு மாசம் டைம். முப்பது பேர் நெஞ்சு தெரியணும். இல்லன்னா மூடிடுங்க" என்றார் டாக்டரம்மா.

"ஆளுங்கள நான் இட்டாறேன்" என்றேன்.

கோட்டூர்புரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் சொன்னேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பி வந்தார்கள். மாமியார் பட்டுப் புடவையில்.

"இன்னா மாப்ள, என் நெஞ்சு டிவில வருமா?"

"வரும்."

"உங்க அத்தைக்கு கல்லுதான் வரும்" என்றார் மாமனார்.

"மொதல்ல உனுக்கு நெஞ்சு கீதான்னு பாரு" என்றார் மாமியார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு படுக்க வைத்தார்கள். எல்லோருக்கும் கூழ். கம்ப்யூட்டர் ஆட்கள் மெஷினைத் திருத்தினார்கள். மறுபடி படுத்தார்கள். மூன்றாவது வாரம் மாமியார் நெஞ்சு வந்தது. மாமனார் டிவி முன்னால் வெகுநேரம் நின்றார். 

மாதக் கடைசியில் டாக்டரம்மா வந்து எண்ணினார். தெரிந்தது இருபத்தொன்பது. அவரே கட்டிலில் ஏறினார். நாங்கள் திரைக்கு இப்பால் நின்று டிவியைப் பார்த்தோம்.

முப்பது.