ஒரே சகனில் நண்டுக்கறி

எங்கள் அக்கா பெரியகல்லாற்றில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே பிறந்தார். வீட்டில் மூத்தவர், தம்பி தங்கைகள் நால்வரையும் அதட்டியே வளர்த்தவர். விலங்கியல் படித்து விரிவுரையாளரானார். வாவி நண்டுகளே அவரது ஆய்வு. சேலைக் கரையில் சேறில்லாமல் அவர் வீடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

மாணவியாக இருந்தபோது, தமது ஆய்வைக் காட்ட ஒரு பேராசிரியரைத் தேடிக் கொழும்புக்குப் போனார். யுத்த காலம்; வழியெங்கும் சோதனைச் சாவடிகள். ஏறி இறங்கி, பையைத் திறந்து மூடி, போய்ச்சேர ஒரு நாள் முழுதும் ஆயிற்று. கதவைத் தட்டினார். "என்ன பிள்ளை?" என்று பேராசிரியர் கேட்டதும், "ஒண்டுமில்ல சேர்" என்று கூச்சத்தில் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் தம் மாணவர் எவருக்கும் அப்படி நேரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் அறிஞர்கள் கருத்தரங்குகளுக்காக மட்டக்களப்புக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் மேடையில், நம் பிள்ளைகள் கடைசி வரிசையில். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. காத்தான்குடித் தோழியிடம் சகன்களை இரவல் வாங்கினார். பலர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு அது. எங்கள் வீட்டில் பாய் விரித்து, சகனுக்கு ஓர் அறிஞர், இரண்டு இளையவர் என்று இருத்தி நண்டுக்கறி போட்டார். கை முழுக்கக் கறியாக இருக்கும்போது யாரும் பெரிய ஆளாக இருக்க முடியாது என்பார்.

வாகரையிலிருந்து வந்த மாணவி ரதி சுனாமியில் வீட்டை இழந்தவர். அலை அழித்த கண்டல் என்ற அலையாத்திக் காட்டில் எங்கே கன்று முளைக்கிறது, எங்கே நண்டு திரும்புகிறது என்று எண்ணி எழுதிய கொப்பியை, இடம்பெயர்ந்தபோதும் சுமந்து திரிந்தவர். ஒரு பேராசிரியர் பொறுப்பேற்றால்தான் மேற்படிப்பு; இல்லாவிட்டால் அந்தக் கொப்பி அத்துடன் சரி. ரதியோ வாயே திறக்கமாட்டார்.

"புள்ள, நீ சேருக்குப் பக்கத்தில இரி" என்றார் அக்கா.

கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் நண்டுக்காலோடு மல்லுக்கட்டினார். குழம்பு சட்டையில் தெறித்தது. ரதியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இப்பிடி இல்ல சேர். மூட்டில புடிச்சு மடக்குங்க."

மடக்கினார், உடைந்தது. "நல்ல பெரிய நண்டு" என்றார்.

"கண்டலுக்க புடிச்சது சேர். கண்டல் அழிஞ்ச இடத்தில இந்த அளவு வராது."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணிப் பாத்தன்."

அவர் கறிக் கையோடு கொப்பியைக் கேட்டார். அதன் முதல் பக்கத்தில் மஞ்சள் விரலடையாளம் இன்றும் இருக்கிறது. அக்கா சமையலறைக்குள் வந்து, "நானும் அண்டைக்கு ஒரு நண்டு கொண்டு போயிரிக்கணும்" என்று கண் கலங்கச் சிரித்தார்.

அந்தப் பேராசிரியரே பொறுப்பேற்றார்; ரதி இன்று முனைவர் பட்டம் பெற்ற கலாநிதி. அக்காவின் கடைசி நாட்களில் கட்டிலருகே இருந்து, கஞ்சி பருக்கி, தம் மாணவர்களின் கட்டுரைகளை வாசித்துக் காட்டியவரும் அவரே. இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், முகம் சுளிக்காத தாதியருக்கும், துயரில் தோள்கொடுத்த அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று அக்காவின் ஆண்டுத் திவசம் என்பதால் மரக்கறிச் சாப்பாடுதான். நாளை மதியம் அதே வீட்டில் ரதி நண்டு சமைக்கிறார். அந்தப் பேராசிரியரும் வருகிறார். சகன்கள் வந்துவிட்டன. வாசல்வரை வந்து "ஒண்டுமில்ல சேர்" என்று திரும்பிவிடப் பார்க்கும் பிள்ளை எவரேனும் இருந்தால், கையைப் பிடித்து உள்ளே கூட்டி வாருங்கள்.