கண்ணாப் பத்தையை வெட்டுவதா, விடுவதா?

இன்று காலை எழும்பியதும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் முதலில் செய்த வேலை, வளவின் பின்பக்கம் போய் வேலிக்கட்டையைப் பார்த்ததுதான்!

(சிரிக்க வேண்டாம். இத்தனை நாள் மழைக்குப் பிறகு வாவி இன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.)

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வளவுக்கும் பக்கத்து ராசன் அண்ணனின் வளவுக்கும் ஒரே ஆள்தான் வேலி போட்டார். இரண்டு வேலியின் கடைசிக் கட்டையும் தண்ணீர் ஓரத்தில் ஒரே கோட்டில் நின்றவை.

இன்று பார்த்தால் ராசன் அண்ணனின் கட்டை அந்தரத்தில் தொங்குகிறது! கீழே மண் இல்லை. முள்ளுக்கம்பிதான் பிடித்து வைத்திருக்கிறது.

எங்கள் கட்டையோ சேற்றில் பாதி புதைந்து நிற்கிறது. அங்கே கரை தேய்ந்திருக்கிறது, இங்கே வளர்ந்திருக்கிறது!

எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். தோணி ஏற்ற இடம் வேண்டும் என்று அவர் கரையில் நின்றதை வெட்டி வெளியாக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் கண்ணாப் பத்தை. (புத்தகத்தில் கண்டல் புதர் என்று படித்திருப்பீர்கள்.)

அதையும் யாரும் நடவில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் ஊரே சேர்ந்து எத்தனை கன்று நட்டோம்! அலை அடிக்கிற வெறும் மணலில் கண்ணா நிற்குமா? ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே, சண்டைக் காலத்தில் பாதுகாப்புக்கென்று வெட்டி மொட்டையாக்கிய கரையில், மிதந்து வந்த காய்கள் தாமாகவே ஊன்றிக்கொண்டன.

வேர்களுக்குள் கையை விட்டுச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"என்ன டீச்சர், நண்டு பிடிக்கிறீங்களா?"

ராசன் அண்ணன். தோளில் கோடாலி!

"கோடாலி எதுக்கு அண்ணன்?"

"உங்கட அக்காதான் வரச் சொன்னவ. பத்தைய முழுக்க வெட்டட்டாம்."

"உங்கட கட்டை தொங்குறதப் பாத்தீங்களா?"

"அதுவா? ஊஞ்சல் கட்டினனான்!" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "முந்தி குசினிக்குப் பின்னால தோணிய இழுத்துப் போட இடம் இருந்த. இப்ப ஒள்ளுப்பம்தான் மிச்சம்."

எங்கள் குசினி அவருடையதைவிடத் தண்ணீருக்குக் கிட்ட. பத்தை போனால் அடுத்த மாரிக்கு அது நிற்குமா?

"இப்ப வெட்டாதீங்க, பிறகு கூப்பிடுறன்" என்று அவரை அனுப்பிவிட்டு அக்காவிடம் போனேன். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"ராசனை ஏன் திருப்பி அனுப்பினாய்?" என்று கேட்டாள்.

"பத்தை போனா கரை போயிரும் அக்கா. பயத்திலயா வெட்டச் சொல்றாய்? சண்டைதான் முடிஞ்சிற்றே."

"முடிஞ்சிற்றெண்டு ரேடியோவில சொன்னாங்க. எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லல்ல."

அக்காவின் கணவரை, என் அத்தானை, சண்டைக் காலத்தில் ஒரு நாள் அந்தக் கரை வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இதுவரை ஒரு தகவலும் இல்லை. அதனால்தான், ஆள் ஒளியக்கூடிய பத்தையைக் கண்டால் அவளுக்குப் பயம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அக்கா திருவுவதை நிறுத்தவில்லை.

"அவர் அந்தப் பக்கத்தாலதான் போனவர். வந்தாலும் அந்தப் பக்கத்தாலதான் வருவார். இந்தப் பத்தைக்குள்ள வழி எங்க இரிக்கு?"

தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிட்டேன்.

கரையோரத்தில் இருக்கும் நண்பர்களே, ஒரு கேள்வி. கண்ணாவுக்குள் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு மட்டும் வழி எடுத்தால் கரை தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அக்கா பேஸ்புக்கில் இல்லை. ராசன் அண்ணனும் இல்லை. வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பத்தையை வெட்டப்போவதில்லை. கதவு அகலத்துக்கு ஒரு வழி மட்டும், என் கையாலேயே எடுக்கப்போகிறேன். நேராக எடுத்தால் வெள்ளமும் அதே வழியால் குசினிக்கு வரும். அதனால் குசினியை விட்டு விலகி, சாய்வாக.

அக்கா படுக்கிற அறை ஜன்னலில் நின்று பார்த்தால், அந்த வழியின் முடிவில் தண்ணீர் தெரிய வேண்டும்.