கடும் உழைப்பாளிக்கு மூவாயிரத்து இருநூறு

கார் நிறுத்துமிடத்து வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வண்டி வந்தால் பட்டனை அழுத்தித் தடுப்புக் கம்பியைத் தூக்குவதுதான் கேட்காரரின் வேலை. தொப்பை மேசையில் இடித்தபோது அவர் மேசையைத்தான் தள்ளிப்போட்டார்.

உலகத்தில் அவருக்குப் பயம் என்றால் ஊசி ஒன்றுதான். "சர்க்கரை ஏறிக்கிடக்கு அண்ணே. அடுத்த மாசமும் இறங்கலைன்னா தினம் ஊசிதான்" என்று நர்ஸ் சொன்னதும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி சாப்பிடலாம் என்று சொல்லும் ஆப் ஒன்றை அவளே அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். அவர் மனைவியைச் சொல்லி, அக்காவுக்கும் சேர்த்துப் பாருங்கள் என்றாள்.

வயது, எடை, உயரம் எல்லாம் ஒழுங்காகப் போட்டார். அடுத்து, உங்கள் உழைப்பு எப்படி என்று கேட்டது. உட்கார்ந்த வேலை, மிதமான வேலை, கடும் உழைப்பு. கேட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹார்ன் அடித்தே உயிரை எடுப்பவன், சீட்டைத் தொலைத்தவன் எல்லோரையும் நாள் முழுக்கச் சமாளிப்பது சும்மாவா? கடும் உழைப்பை அழுத்தினார். மூவாயிரத்து இருநூறு என்றது. ஆளின் அருமை தெரிந்த ஆப்!

மனைவிக்கும் அவரே போட்டார். அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைக் கூடை கூடையாகத் தூக்குகிறவள். "துவைக்கிறது மெஷின்தானே" என்று உட்கார்ந்த வேலையை அழுத்தினார். அவளுக்கு ஆயிரத்து நானூறு.

அன்றிலிருந்து வயிறு வேண்டாம் என்றாலும் கேட்காரர் விடவில்லை. இன்னும் அறுநூறு பாக்கி என்று போன் காட்டினால், முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் தின்று தீர்த்துவிட்டுத்தான் படுப்பார்.

"போதுங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது."

"ஆசைக்கா திங்கறேன்? வைத்தியம்டி."

"எனக்குக் கண்ணை இருட்டுது."

"பழகிடும்."

மாதம் முடிந்து ரத்தம் பார்த்தால், சர்க்கரை இன்னும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. நர்ஸ் போனை வாங்கிப் பார்த்தாள்.

"என்ன வேலை பாக்கறீங்க அண்ணே?"

"கடும் உழைப்பு."

"அது சரி, என்ன வேலை?"

"கேட்டைத் தூக்கறேன்."

"கையாலயா?"

கேட்காரர் மின்விசிறியைப் பார்த்தார். "ஒத்த விரலால" என்றாள் கூட வந்திருந்த மனைவி. "அந்த விரல் மட்டும் இளைச்சிருக்கு, பாருங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்க ஊசித் தட்டின் பக்கம் திரும்பினாள். கேட்காரர் பதறிப்போனார். "மாத்தும்மா, எதை வேணா மாத்து!"

மாற்றினாள். அவருக்கு ஆயிரத்து எண்ணூறு. மனைவிக்கு இரண்டாயிரத்து முந்நூறு.

"அக்கா, இத்தனை நாள் எப்படி நின்னீங்க?"

"சுவரைப் பிடிச்சுட்டுத்தான்."

"டாக்டர்கிட்ட பேசி இன்னும் ஒரு மாசம் வாங்கித் தர்றேன், அண்ணே. அதுக்கு மேல என்னால முடியாது."

"வேலைக்கு நடந்தே போனா, நடுவுல இருக்கறதை அழுத்தலாமா?"

"முதல்ல நடங்க."

மறுநாள் நடந்தே போய், நடந்தே வந்தார். சாப்பாட்டு மேசையில் பெரிய தட்டு மனைவியின் முன்னால் இருந்தது. தன் பங்கை நாலே வாயில் முடித்துவிட்டு அவளுடைய தட்டையே பார்த்தார். அவள் தலை நிமிராமல், அவசரமே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. அவர் கை கழுவிய பிறகுதான் அவள் சட்டியை வழிப்பாள்.

"உனக்கு மிச்சமாகுமா?"

"ஆகாது."

தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். பிறகு ரொட்டி ஒன்றை எடுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதை அவள் தட்டிலேயே வைத்தார்.

"இது யார் கணக்கு?"

"உன்னோடதுதான்" என்றவர், கை மறுபடியும் நீளுவதற்குள் எழுந்து தன் தட்டைக் கழுவப் போனார்.